அக்குளில் விழுந்த வெளிச்சம்

எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தால், தொப்புள்கொடி விழுந்த கையோடு பாசிப்பயறு மாவு டப்பா முற்றத்துக்கு வந்துவிடும். அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறக் கிடத்தி, பால் விட்டுப் பிசைந்த மாவை உருண்டை பிடித்து முதுகிலும் தோளிலும் நெற்றியிலும் உருட்டி உருட்டி எடுப்பார். மாவோடு பூனைமுடி ஒட்டிக்கொண்டு வரும். குழந்தை வீறிட்டு அழும். தங்கை மகளுக்கு இது நடந்தபோது பக்கத்தில் வெந்நீர்ச் செம்போடு நின்றவள் நான். "போதும் அப்பத்தா, புள்ள அழுகுது" என்றேன். "அழுதா அழுகட்டும்த்தா. பொம்பளப் புள்ளைக்கு இப்ப எடுத்தாத்தான் உண்டு" என்றார். இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்கு மகன் பிறந்தான். அவனுக்கும் முதுகெல்லாம் பூனைமுடி. அவனுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூக்கிக் கொடுத்துவிட்டார். மாவு டப்பாவை யாரும் தேடவில்லை.

பச்சைக் குழந்தையின் மேல் இருக்கும் அந்த மென்முடி கருப்பையிலேயே முளைத்தது. யாரும் தொடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும். அது உதிரும் நேரத்தில் நாம் மாவை உருட்டுகிறோம், மாவுக்குப் பெயர் கிடைக்கிறது. ஆனால் அந்த உருட்டலில் ஒரு சேதி இருக்கிறது. இந்த உடம்பில் முளைப்பதை எடுத்தாக வேண்டும் என்று, இன்னும் பேச்சே வராத பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது.

அதே சேதி பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மறுபடி வரும். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவின் பியூட்டி பார்லரில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்திருந்தார். பள்ளி ஆண்டு விழாவில் நடனமாம், கையில்லாத சட்டையாம். கைகளுக்கு மட்டும் வேக்சிங் என்று சொல்லித்தான் வந்தார்கள். வேலை நடக்கும்போது பார்லர் அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "அக்கா, பாப்பாவுக்கு அப்பர் லிப்பும் எடுத்துரலாமா? லேசா தெரியுது" என்று கேட்டார். அதுவரை கால்களை ஆட்டிக்கொண்டிருந்த பெண் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். அன்று வரை தனக்கு அங்கே ஏதோ 'தெரிகிறது' என்பது அவளுக்குத் தெரியாது. அந்தக் கை பணம் கொடுத்துவிட்டு வெளியே போகும் வரை இறங்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தன. 600-க்கு 591 எடுத்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாணவியின் படம் செய்திகளில் வெளியானது. நாடே அவளது மதிப்பெண்ணைப் பேசியிருக்க வேண்டும். சமூக ஊடகங்களில் பெரும் கூட்டம் அவள் மேலுதட்டைப் பற்றிப் பேசியது. கேலிப் படங்கள், ஆண்தானே என்ற கேள்விகள், கணினியில் அவள் முகத்தை 'அழகாக்கி' வெளியிட்ட படங்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவாக எடுத்திருந்தால் இப்படி எல்லோர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டேனே என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரு ரேஸர் நிறுவனம் அவளுக்கு ஆதரவு என்ற பெயரில் விளம்பரம் கொடுத்தது. எங்கள் ரேஸரைப் பயன்படுத்தும் நிலைக்கு யாரும் உன்னைத் தள்ளக் கூடாது என்ற பொருளில் அதில் ஒரு வரி, கீழே நிறுவனத்தின் பெயர். அதைப் படித்தபோது வயிறு எரிந்தது. இந்த வெட்கம் இந்த அளவுக்கு வளர்ந்ததில் அந்தத் தொழிலுக்கு எவ்வளவு பங்கு என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலான கதை.

புகைக்கொடியும் அரிதாரமும்

'பெண் என்றால் மழுமழுவென்று இருக்க வேண்டும், காலங்காலமாக அப்படித்தானே' என்று நினைக்கிறோம். சௌந்தர்யலகரியைத் திறந்து பார்க்கலாம். ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் நூல், வீரை கவிராச பண்டிதர் தமிழாக்கியது. அதன் 76-ஆவது பாடல் அம்பிகையின் வயிற்றில் கொப்பூழிலிருந்து மேலேறும் மெல்லிய மயிர்வரிசையைப் போற்றுகிறது. சிவனின் கோபத் தீயில் வெந்த மன்மதன் அவளுடைய கொப்பூழ் என்ற மடுவில் குதித்தானாம். அப்போது எழுந்த புகைக்கொடியைத்தான் உலகத்தார் உரோமாவலி என்கிறார்களாம். வடமொழிக் காவியங்களிலும் தமிழின் கேசாதிபாத வருணனைகளிலும் இந்த மயிரொழுங்கு அழகின் அடையாளம். கவிகள் போட்டி போட்டுக்கொண்டு உவமை தேடியிருக்கிறார்கள். இன்று அதே இடத்தில் அதே முடியோடு ஒரு பெண் சேலையை இறக்கிக் கட்டினால் என்ன கேட்க நேரிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்காக அந்தக் காலத்தில் யாரும் முடியை எடுக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. எடுத்தவர்கள் யார், எதற்கு எடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. காமசூத்திரம் உடல் முடியை ஐந்து நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை நீக்கச் சொல்வது நகரத்து ஆணுக்கு. எகிப்தில் உடல் முழுவதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மழித்தவர்கள் கோயில் பூசாரிகள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹிரோடோட்டஸ் எழுதுகிறார். இஸ்லாமிய மரபில் அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நாற்பது நாளுக்கு மேல் விடக் கூடாது என்ற விதி ஆண், பெண் இருவருக்கும் பொது. சுசுருத சம்ஹிதையில் சங்குச் சுண்ணத்தோடு அரிதாரம் கலந்து முடி நீக்கும் மருந்து வருகிறது. அது வருமிடம் புண்ணுக்குச் செய்யும் சிகிச்சைகளின் பட்டியல்: புண்ணைச் சுற்றி முடி இருந்தால் ஆறாது, ஆகவே நீக்கு.

அரிதாரம் என்றதும் நமக்குக் கூத்துக்காரர்களின் ஒப்பனை நினைவுக்கு வரும். அந்த மஞ்சள் பொடி உண்மையில் ஆர்சனிக் கலந்த கந்தகக் கனிமம். துருக்கியக் குளியல் கூடங்களில் அதே அரிதாரத்தையும் சுட்ட சுண்ணாம்பையும் குழைத்து 'ருஸ்மா' என்று பூசினார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகள் பின்னாளில் அதைக் கேட்டு வாங்கினார்கள். நேரம் கொஞ்சம் தப்பினால் முடியோடு தோலும் வெந்துபோகும்.

அழகின் அளவுகோல் எவ்வளவு தூரம் புரளக்கூடியது என்பதற்கு ஈரான் நல்ல சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஜர் மன்னர்கள் காலத்தில் அங்கே அழகிகளுக்கு லேசான மீசை இருந்தது. ஓவியங்களில் அது தெரிகிறது. இயற்கையாக இல்லாதவர்கள் மை தீட்டிக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் அஃப்சானே நஜ்மாபாதி 2005-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஐரோப்பியர்களின் கேலிப் பார்வை பட்டுப் பட்டுத்தான் அந்த மீசை அழகுப் பட்டியலிலிருந்து மறைந்தது. அந்தக் காலத்தில் அங்கே நூலால் முகமுடி எடுப்பது திருமணத்தையொட்டிய சடங்காக இருந்தது, அதற்கு முன் கன்னிப்பெண்கள் புருவத்தைக்கூடத் தொட மாட்டார்கள். நம் பார்லரில் எட்டாம் வகுப்புப் பெண்ணின் உதட்டுக்கு மேல் ஓடும் நூல், அங்கே ஒருத்தி மனைவி ஆனதன் அறிவிப்பாக இருந்தது.

ஒரு சட்டை, ஒரு விளம்பரம்

அமெரிக்காவில் 1900 வாக்கில் பெண்களின் உடையில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம், மணிக்கட்டுக்கு அப்பால் கைவிரல், அவ்வளவுதான் வெளியே தெரியும். அக்குளில் முடி இருந்தால் யாருக்கு என்ன? காலில் இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? பிறகு கை இல்லாத கவுன்கள் வந்தன, கையைத் தூக்கி ஆடும் நடனங்கள் வந்தன. 1915 மே மாதம் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' இதழில் ஒரு முடிநீக்கிப் பொடியின் விளம்பரம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் இளம்பெண், மழித்த அக்குள். கோடைக்கால உடையும் புதிய நடனமும் சேர்ந்து முடி நீக்குவதைக் கட்டாயமாக்கிவிட்டன என்று விளம்பரம் சொன்னது. அங்கே இருப்பது வேண்டாத முடி என்பதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அதுவே எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பெண்களின் உடை அதுவரை நிழலில் வைத்திருந்த ஓர் இடத்தில் அன்று வெளிச்சம் விழுந்தது.

அதே 1915-ல் கில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று 'மிலேடி டெகொலெட்டே' என்ற சவரக்கத்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆண்களின் சந்தை கைக்கு வந்தாயிற்று, மீதி இருந்தது மக்கள்தொகையில் மற்றப் பாதி. பெண்ணிடம் 'சவரம்' என்ற சொல்லைச் சொன்னால் முகம் சுளிப்பாள் என்று விளம்பரங்களில் அதைத் தவிர்த்தார்கள், 'வழவழப்பாக்குதல்' என்றார்கள். 1922-ல் சியர்ஸ் நிறுவனத்தின் தபால் விற்பனைப் புத்தகத்தில் கை தெரியும் மெல்லிய துணிக் கவுன்கள் வந்தன. பெண்களுக்கான ரேஸரும் முடிநீக்கிகளும் அதே ஆண்டு அதே புத்தகத்தில் ஏறின. கிறிஸ்டின் ஹோப் என்ற ஆய்வாளர் 1982-ல் பழைய பெண்கள் இதழ்களின் விளம்பரங்களை ஆண்டு வாரியாகப் புரட்டி இந்தக் கதையைக் கோத்தார். முதலில் அக்குள், அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கால்.

காலுக்கு வேலை வைத்தது இரண்டாம் உலகப் போர். 1940 மே மாதம் அமெரிக்கா முழுவதும் நைலான் காலுறைகள் விற்பனைக்கு வந்தபோது கடைகளில் வரிசை நின்றது. 1942-ல் நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போய்விட்டது. பெண்கள் வெறுங்காலில் சாயம் பூசிக்கொண்டு, காலுறையின் தையல் தெரிவதற்காகப் புருவப் பென்சிலால் பின்னங்காலில் கோடு இழுத்துக்கொண்டார்கள். முடியின் மேல் சாயம் நிற்காது, ஆகவே மழித்தார்கள். போர் முடிந்து நைலான் திரும்பி வந்தது, மழிப்பது மட்டும் நிற்கவில்லை. 1964 வாக்கில் 15 முதல் 44 வயது வரையுள்ள அமெரிக்கப் பெண்களில் 98 சதவீதம் பேர் முடியை நீக்கிக்கொண்டிருந்ததாகக் கணக்கு. ஐம்பதே ஆண்டு. தாய்க்குத் தெரியாத ஒரு கடமை மகளுக்கு வந்து, பேத்திக்கு அது 'இயற்கை' ஆகிவிட்டது.

இதற்கு விஞ்ஞானமும் துணை நின்றது. 1871-ல் டார்வின், மனித உடலில் முடி குறைந்ததற்குக் காரணம் துணையைத் தேர்ந்தெடுக்கும் விருப்பம்தான் என்று எழுதினார். முடி குறைந்த பெண்ணே விரும்பப்பட்டாள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு முடி அதிகமுள்ள பெண் பரிணாம ஏணியில் கீழே நிற்பவளாகப் பார்க்கப்பட்டாள். லாவோஸ் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட கிராவோ என்ற சிறுமியை 1883-ல் லண்டனில் 'குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் விடுபட்ட கண்ணி' என்று காட்சிக்கு வைத்தார்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கும்.

அவளுக்கு முன்பே ஹூலியா பஸ்த்ரானா. மெக்சிகோவின் சினலோவாவில் 1834-ல் பிறந்தவர். முகமும் உடலும் அடர்ந்த முடி. பாடுவார், ஆடுவார். மேடையில் அவரை நிறுத்திக் காசு பார்த்த மேலாளரே அவரை மணந்துகொண்டான். டார்வின் 1868-ல் எழுதிய நூலிலும் அவர் பெயர் வருகிறது. 1860-ல் மாஸ்கோவில் பிரசவம். குழந்தை இறந்தது, சில நாளில் தாயும் இறந்தார். பதப்படுத்தப்பட்ட இரண்டு உடல்களையும் கணவன் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் காட்டினான். அவன் செத்த பிறகும் காட்சி நின்றபாடில்லை. கடைசியில் அந்த உடல் நார்வேயில் ஒரு கிடங்கில் கிடந்தது. லாரா ஆண்டர்சன் பார்பாட்டா என்ற மெக்சிகோ கலைஞர் பல ஆண்டுகள் போராடி, 2013 பிப்ரவரியில் ஹூலியாவைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார். சினலோவா தெ லெய்வா என்ற ஊரில் வெள்ளைப் பூக்களோடு அடக்கம் நடந்தது. இறந்து 153 ஆண்டுகள் கழித்து.

உடம்பு கொடுத்த விலை

ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டே வியன்னாவில் லியோபோல்டு ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர் ஐந்து வயதுச் சிறுமியின் முதுகிலிருந்த முடி அடர்ந்த மச்சத்தின் மேல் அந்தக் கதிரைப் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது. பிறகு முதுகில் ஆறாத புண். அதைப் பார்த்தும் பாடம் படிக்கவில்லை. 1920-களில் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் கெய்சர் 'டிரைக்கோ' என்ற எக்ஸ்ரே இயந்திரத்தை உருவாக்கி அழகு நிலையங்களுக்குக் கொடுத்தார். பெண் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து, அதிலிருக்கும் துளையில் தாடையை வைத்துக்கொள்ள வேண்டும். சில நிமிடம், வலி இல்லை. இப்படிப் பல தடவை. ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். முடி போனது உண்மை. சில ஆண்டுகளில் தோல் சுருங்கி, வெளிறி, புண்ணாகி, பலருக்குப் புற்றுநோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1929-ல் கண்டித்த பிறகும், மறைவாக எக்ஸ்ரே வைத்தவர்கள் இருந்தார்கள், தேடிப் போனவர்களும் இருந்தார்கள். முகத்தில் நாலு முடியோடு வாழ்வதைவிட இது மேல் என்று ஒருத்தியை நினைக்க வைத்தது எதுவோ, அந்தக் கதிருக்குப் பாதி விஷம் அங்கிருந்துதான் வந்தது.

1930-களின் தொடக்கத்தில் 'கோரெம்லு' என்ற க்ரீம். பெரிய கடைகளில் நல்ல விலைக்கு விற்றது. அதில் இருந்தது தாலியம் அசிடேட், எலி விஷம். தடவிய பெண்களுக்குக் கால் மரத்தது, பார்வை மங்கியது, சிலருக்குத் தலைமுடியே கொட்டியது. வழக்குகள் குவிந்து நிறுவனம் திவாலானது. அழகுசாதனப் பொருளைத் தட்டிக் கேட்க அப்போது அமெரிக்காவில் சட்டமே இல்லை. 1938-ல் உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டம் வந்ததற்கு இந்தப் பெண்களின் மரத்துப்போன கால்களும் ஒரு காரணம்.

இன்று கடையில் கிடைக்கும் க்ரீம்கள் அந்த வகை இல்லை. பெரும்பாலும் தையோகிளைகோலேட் உப்புகள். முடியின் கெரட்டினைக் கட்டி நிறுத்தும் கந்தகப் பிணைப்புகளை அவை அறுத்துவிடும். தோலிலும் கெரட்டின் உண்டு, அதனால்தான் டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைத் தாண்டக் கூடாது. லேசர் இன்னொரு கதை. அது முடியின் கருநிறத்தைத் தேடிப் போய்ச் சுடுவது. நம் தோலிலும் அதே நிறமி இருப்பதால் கருவியும் அளவும் சரியாக இல்லாவிட்டால் தோலும் சுடும். கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் சொல்வார்கள். சலுகை விலைப் பலகையைப் பார்த்து உள்ளே போகிறவர்கள் எந்தக் கருவி, இயக்குபவர் மருத்துவரா என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்க வேண்டும். 'நிரந்தரமாகப் போய்விடும்' என்ற வாக்குறுதியும் சரியில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. லேசருக்கு ஒப்புக்கொண்டிருக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'.

ஒரு பயத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரேஸர் பட்டால் முடி தடித்து வளரும் என்பது நம் வீடுகளில் அசையாத நம்பிக்கை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் 1928-லேயே அளந்து பார்த்து அப்படி இல்லை என்று எழுதிவிட்டார். மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான்.

'கிளீன் பண்ணிட்டு வாங்க'

அழகுக்காக எடுப்பதை விட்டுவிடுவோம். சுத்தம் என்ற பெயரில் எடுப்பது ஒன்று இருக்கிறது. என் முதல் பிரசவத்தின்போது வலி எடுத்து வார்டுக்குள் போன என்னிடம் முதலில் கேட்கப்பட்டது, "கிளீன் பண்ணிட்டு வந்தீங்களா?" இல்லை என்றதும் முகச்சுளிப்பு. வலிக்கு நடுவே காலை விரித்துப் படுக்க வைத்து, சோப்பு நுரைகூடச் சரியாகப் போடாமல், ஒரு பிளேடு. எரிச்சல் ஒரு வாரம் இருந்தது. கிருமி வராமல் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நானும் நம்பினேன்.

பிரசவத்துக்கு முன் மழிப்பதால் நோய்த்தொற்று குறைவதில்லை என்று அமெரிக்க மருத்துவர்கள் இருவர் 1922-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் கிருமிக்கு வாசல். சாதாரணப் பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு வழிகாட்டியில் தெளிவாகச் சொல்கிறது. நூறு ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று. ஆனாலும் இன்றும் பேறுகாலப் பையில் குழந்தைத் துணியோடு ரேஸரையும் எடுத்து வைக்கும் பெண்கள் உண்டு. வார்டில் திட்டு வாங்கக் கூடாதே என்ற பயம்தான்.

மறைவிட முடி அழுக்கு என்று நம் பெண்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. அது அந்த இடத்தின் மெல்லிய தோல் உராயாமல் காப்பது. அழுக்கு சேர்ந்தால் குளித்தால் போகும்.

முன்னங்கை கணக்கில் இல்லை

1961-ல் இங்கிலாந்தில் ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 430 பெண்களின் உடலில் பதினொரு இடங்களில் முடியின் அடர்த்தியைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். ஹார்மோன் கோளாறால் வரும் மிகைமுடியைக் கண்டுபிடிக்க இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் இப்போது கணக்கில் எடுப்பது ஒன்பது இடங்களை: மேலுதடு, முகவாய், மார்பு, மேல் வயிறு, அடி வயிறு, மேற்கை, தொடை, மேல் முதுகு, கீழ் முதுகு. விட்டுவிட்ட இரண்டு, முன்னங்கையும் முழங்காலுக்குக் கீழும். அங்கே முடி இருப்பதை வைத்து ஹார்மோனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அது எல்லாப் பெண்களுக்கும் உள்ளது என்பதால்தான் விட்டார்கள்.

நம் பார்லர்களில் அதிகம் வேக்சிங் செய்யப்படும் இடங்கள் அந்த இரண்டும்தான். எதுவுமே கோளாறில்லை என்று மருத்துவம் ஒதுக்கிவைத்த இடத்துக்கு மாதாமாதம் காசும் வலியும். முகவாயிலும் மார்பிலும் திடீரென்று தடித்த முடி முளைத்தால் டாக்டரிடம் போக வேண்டும், அதற்கும் பார்லருக்கே போகிறோம். சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் வரை கண்டறியப்படாமலே இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதவிலக்கு தள்ளிப்போவது, எடை கூடுவது, முகத்தில் முடி. பின்னால் சர்க்கரை நோய் வரக்கூடிய உடம்பு முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள் இவை. நூல் வைத்து அந்த அடையாளத்தை வாராவாரம் அழித்துவிட்டு, வீட்டில்கூட யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். என் கல்லூரித் தோழி ஒருத்தி திருமணமாகி நான்கு ஆண்டுகள் கணவன் எழுவதற்கு முன் எழுந்து, குளியலறையில் தாழிட்டுக்கொண்டு முகவாயை மழித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போனது குழந்தை இல்லை என்று மாமியார் அழைத்துப் போனபோதுதான்.

இங்கிலாந்தில் வாழும் சீக்கியப் பெண் ஹர்னாம் கௌருக்கும் பி.சி.ஓ.எஸ். சிறுவயதிலேயே தாடி. பள்ளியில் கேலி, பிளீச்சிங், வேக்சிங், சவரம் எல்லாம் பார்த்தார். பதினாறு வயதில் சீக்கிய தீட்சை பெற்று, முடியைத் தொடாமல் விட்டார். 2016-ல் முழுத் தாடி வைத்த மிக இளம் பெண் என்று கின்னஸ் பதிவு செய்தது. எல்லோருக்கும் அந்தத் துணிவு வர வேண்டும் என்று கேட்பதுகூட ஒரு வன்முறைதான். 2017-ல் ஸ்வீடன் நாட்டு மாடல் அர்விதா பிஸ்ட்ரோம் மழிக்காத காலோடு ஒரு ஷூ விளம்பரத்தில் வந்தார். அவருக்கு வந்தவை பாலியல் வன்முறை மிரட்டல்கள். முடியை எடுப்பது அவரவர் விருப்பம் என்று சொல்கிறோம். எடுக்காமல் இருப்பதும் அதே அளவு எளிதாக இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியான் ஃபாஸ் தன் மாணவிகளைச் சில வாரம் முடியை எடுக்காமல் இருந்து நாட்குறிப்பு எழுதச் சொன்னார். அந்தச் சில வாரங்களுக்குள் அம்மாக்களும் காதலர்களும் தோழிகளும் பேசிய பேச்சுகள் நாட்குறிப்புகளை நிறைத்துவிட்டன.

இந்தத் தொழிலை நம்பி வாழும் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருப் பார்லர் அக்கா கணவர் இறந்த பிறகு சில மாதப் பயிற்சி எடுத்து, வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டுத் தொடங்கியவர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, கழுத்தை வளைத்து, நாளெல்லாம் நின்றபடி வேலை. "பல்லுக்கு நடுவுல நூலு அறுத்து அறுத்துக் காடியே விழுந்துருச்சு" என்று காட்டினார். கழுத்து வலிக்கு மாத்திரை போடாத நாளில்லை. அந்த வருமானத்தில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தச் சிறுமியிடம் அவர் 'லேசா தெரியுது' என்று சொன்னதைப் பற்றி ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்கிட்டயும் ஒருத்தி அப்படித்தான் சொன்னா அக்கா, பதினாலு வயசுல" என்றார். பிறகு, "இனிமே அவங்களா கேட்டா மட்டும் எடுக்குறேன்" என்றார். அப்படியே நடந்துகொள்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

சொல்லைக்கூட நாம் விட்டுவைக்கவில்லை. சங்கப் பாட்டிலும் குறளிலும் கூசாமல் புழங்கிய 'மயிர்' இன்று வசைச்சொல். தலையில் இருந்தால் கூந்தல், அதற்கு மல்லிகை. கணவன் செத்தால் அதையே மழித்து மூலையில் உட்கார வைத்த சாதிகளும் இங்கே இருந்தன. எங்கே வளர்க்க வேண்டும், எங்கே எடுக்க வேண்டும், எப்போது இழக்க வேண்டும் என்ற மூன்றையும் அவளைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்தார்கள்.

அண்மையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வயது எழுபத்து நான்கு. மாதவிடாய் நின்ற பிறகு முகவாயில் சில தடித்த முடிகள் முளைப்பது பல பெண்களுக்கு வருவதுதான். அம்மா அவற்றை வீட்டில் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில், சின்னக் கண்ணாடி வைத்துத் தானே பிடுங்கிக்கொள்வார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், அப்பா டீ வாங்கப் போன நேரம் பார்த்து, "கண்ணு, உன் பையில அந்தப் பிளக்கர் இருக்கா?" என்று கிசுகிசுத்தார். இருந்தது. இந்தக் கட்டுரைக்காகக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. "எதுக்கும்மா, இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஏற்கெனவே கண்ணை மூடி, முகவாயைத் தூக்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன், ஐந்து முடிகள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் இமை லேசாகத் துடித்தது. அப்பா டீயோடு உள்ளே வரும் சத்தம் கேட்டதும் என் கையைத் தட்டிவிட்டுப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.